சந்தேகப்படுவது எப்போது பாவம்?

அன்னவாசலுக்கு வடக்கே, விராலிமலை வட்டத்தில் இருக்கிறது ஆவூர். அங்குள்ள பெரியநாயகி மாதா கோயில் 1747இல் எழுந்தது. அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்த ஊரை இயேசு சபையின் பெரிய பணித்தளமாக ஆக்கியவர் புஷே என்ற பிரெஞ்சுக் குரு. பின்னாளில் வீரமாமுனிவரும் பணி செய்த தலம் என்பதால் தமிழ் படித்தவர்கள் ஆவூரை அறிவார்கள். புஷேயின் கதையை அறிந்தவர்கள் குறைவு. காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழ்நாட்டுத் துறவியரைப் போலவே வாழ்ந்த அவர், 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி உரோமாபுரிக்குப் போகவேண்டி வந்தது. இயேசு சபையாரின் மதுரை மிஷனில் இருந்த குருக்கள் வேதத்தையே மாற்றிவிட்டார்கள் என்ற சந்தேகத்துக்குப் பதில் சொல்லத்தான் அந்தப் பயணம். ஒரு திருச்சபை தன் சொந்தக் குருக்களையே சந்தேகப்பட்ட வரலாறு நம் பக்கத்து ஊர் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் சந்தேகத்தைப் பற்றியும் நல்லெண்ணத்தைப் பற்றியும் கிறிஸ்தவ ஆசிரியர்கள் வகுத்த அளவுகோல்களை இந்த மலரில் எழுதத் தோன்றியது.

விவிலியத்தில் இதற்கு ஒரே குரல் இல்லை. மத்தேயு ஏழாம் அதிகாரம் பிறரைத் தீர்ப்பிடுவதைத் தடுக்கிறது. பத்தாம் அதிகாரம் பாம்பின் விவேகம் வேண்டும் என்கிறது. கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதத்தில் பவுல் அன்புக்கு இலக்கணம் சொல்லும்போது, எதையும் நல்லதாகவே நம்புவதை அதில் சேர்க்கிறார். யோவானின் முதல் கடிதமோ, வருகிற ஆவிகளையெல்லாம் சோதித்துப் பார்க்கச் சொல்கிறது. அதே யோவானின் நற்செய்தி, தம் அற்புதங்களைப் பார்த்து நம்பிய கூட்டத்திடம் இயேசு தம்மை ஒப்படைக்கவில்லை என்று பதிவு செய்கிறது. இவற்றில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு பிரசங்கம் செய்வது எளிது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து யோசித்தவர்களே இந்த மரபை உருவாக்கினார்கள்.

முதலில் யோசித்தவர்கள் பாலைவனத் துறவிகள். ஆறாம் நூற்றாண்டில் காசாப் பகுதியில் வாழ்ந்த தொரோதேயு, சந்தேகத்தைப் பொய்யின் ஒரு வகையாகவே கணக்கிட்டார். வாயால் பொய் சொல்பவன் இருக்கிறான். மனதுக்குள்ளேயே பொய் சொல்லிக்கொள்பவனும் இருக்கிறான், அவனே சந்தேகக்காரன் என்பது அவர் கருத்து. இரவில் ஒருவன் தெரு ஓரம் நிற்கிறான். வழியில் போகும் மூவரில் ஒருவன் அவனைத் திருடன் என்றும், ஒருவன் தகாத உறவுக்குக் காத்திருப்பவன் என்றும், மூன்றாமவன் நண்பனோடு செபத்துக்குப் போகக் காத்திருப்பவன் என்றும் நினைக்கிறார்கள். நின்றவன் ஒருவன்தான். பார்த்தவர்கள் தங்களுக்குள் இருந்ததை அவன் மேல் ஏற்றினார்கள் என்கிறார் தொரோதேயு.

இதை ஒழுங்கான சட்டமாக வகுத்தவர் 13ஆம் நூற்றாண்டின் தாமஸ் அக்வினாஸ். அவருடைய இறையியல் தொகுப்பில் நீதியைப் பற்றிய பகுதி வழக்கறிஞர்களும் படிக்கத் தக்கது. சந்தேகத்துக்கு மூன்று ஊற்றுகள் என்கிறார். தானே கெட்டவனாக இருப்பதால் பிறரையும் அப்படி எண்ணுவது முதலாவது. ஒருவர் மேல் உள்ள பகையாலோ பொறாமையாலோ அவரைப் பற்றிச் சிறு அறிகுறி கிடைத்தாலும் பெரிதாக நம்பிவிடுவது இரண்டாவது. நீண்ட அனுபவத்தால் வருவது மூன்றாவது. வயதானவர்களிடம் இது அதிகம். முதல் இரண்டையும் கடிந்துகொள்ளும் அக்வினாஸ் மூன்றாவதை அவ்வளவாகக் குறை சொல்லவில்லை. ஏமாந்து ஏமாந்து தெளிந்தவரின் எச்சரிக்கையை அவர் புரிந்துகொண்டார்.

பிறகு படிகளைப் பிரிக்கிறார். அற்பக் காரணத்தால் ஒருவரின் நல்ல குணத்தின் மேல் ஐயம் எழுந்தால் அது மனித பலவீனம், சிறு பாவம். அதே அற்பக் காரணத்தால் அவர் கெட்டவர்தான் என்று மனதில் முடிவு கட்டினால், விஷயம் பெரிதாக இருக்கும்போது அது சாவான பாவம். நீதிபதி சந்தேகத்தை மட்டும் வைத்துத் தண்டித்தால் அது நேரடி அநீதி. ஐயமுள்ள இடத்தில் நல்லபடியே பொருள்கொள்ள வேண்டும். கெட்டவனை நல்லவனென்று எண்ணிப் பலமுறை தவறினாலும் பரவாயில்லை, நல்லவனை ஒருமுறைகூடக் கெட்டவனென்று எண்ணிவிடக் கூடாது என்ற பக்கமே அவர் சாய்கிறார்.

இந்த அளவோடு நிறுத்திவிடுகிறவர்கள் அக்வினாஸைப் பாதிதான் படித்தவர்கள். தீமைக்கு மருந்து தேடும்போது, மருந்து உறுதியாக வேலை செய்வதற்காக, மோசமானது நடக்கலாம் என்று வைத்துக்கொள்வது தகும் என்றும் அதே இடத்தில் அவர் எழுதுகிறார். ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும்போது நல்லெண்ணம், காப்பு ஏற்பாடு செய்யும்போது முன்னெச்சரிக்கை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாததே பல பங்குகளின் சண்டைக்குக் காரணம் என்பது என் உறுதியான எண்ணம்.

16ஆம் நூற்றாண்டில் ஒன்றோடொன்று மோதிய இரு முகாம்கள் இந்த விஷயத்தில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தன. லூத்தர் தம் 1529ஆம் ஆண்டுச் சிறு ஞானோபதேசத்தில் பொய்ச்சாட்சியைத் தடுக்கும் எட்டாம் கட்டளைக்கு விளக்கம் எழுதும்போது, அயலானைப் பற்றி நல்லதைப் பேசவும் அவன் செய்வதற்கெல்லாம் நல்ல பொருள் கொள்ளவும் கட்டளையிட்டார். 1548இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற ஆன்மீகப் பயிற்சிகள் நூலின் தொடக்கத்தில், இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் அதையே இன்னும் நடைமுறையாகச் சொன்னார். ஒருவர் சொன்னதற்கு நல்ல பொருள் கொள்ள முயல்க. முடியாவிட்டால் என்ன பொருளில் சொன்னீர்கள் என்று அவரிடமே கேட்க. அவர் எண்ணம் தவறாக இருந்தால் அன்போடு திருத்துக. அவரிடமே கேட்பது என்பதுதான் இதில் புதிது. லூத்தரின் நூல் தரங்கம்பாடி லூத்தரன் மிஷன் வழியாகவும், இஞ்ஞாசியாரின் நூல் மதுரை மிஷன் வழியாகவும் நம் மண்ணுக்கு வந்தன.

ஆனால் இஞ்ஞாசியாரின் பிள்ளைகளே அவர் விதியை மறந்த கதைதான் மதுரையில் நடந்தது. 1606இல் மதுரை வந்த இயேசு சபைக் குரு இராபர்ட் தெ நோபிலி, தத்துவ போதகர் என்ற பெயரில் சந்நியாச வாழ்வை ஏற்றார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்கள்தாம், விசுவாசத்துக்கு விரோதமல்ல என்பது அவர் வாதம். அவருக்கு முன்பிருந்தே மதுரையில் பரவர்களுக்குப் பணி செய்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற போர்த்துக்கீசிய மூத்த துறவி 1610இல் மேலிடத்துக்குப் புகார் எழுதினார். செய்தி உரோமை வரை போனது. நோபிலியின் உறவினரான கர்தினால் பெல்லார்மின் கேள்விப்பட்டதை நம்பி, மனம் நொந்து கண்டித்து எழுதினார். பிறகு நோபிலியின் விளக்கத்தைப் படித்ததும் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். கர்தினால் ஒருவர் தூர தேசத்துக் குருவிடம் பதில் கேட்டு, அதைப் படித்து, மனம் மாறியது அந்த வழக்கிலேயே எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1619இல் கோவாவில் நடந்த மாநாட்டில் மீண்டும் எதிர்ப்பு. கடைசியில் 1623இல் திருத்தந்தை 15ஆம் கிரகோரி நோபிலியின் வழிக்கு அனுமதி கொடுத்தார்.

எண்பது ஆண்டுகளுக்குப் பின் அதே சந்தேகம் திரும்பி வந்தது. 1703இல் திருத்தந்தையின் தூதராகப் புதுச்சேரியில் இறங்கிய தூர்னோன், உள்நாட்டு மிஷன்களைப் போய்ப் பார்க்காமலே 1704இல் பதினாறு வழக்கங்களைத் தடை செய்து ஆணையிட்டார். ஆவூரும் அவர் பார்க்காத ஊர்தான். அதை எதிர்த்து முறையிடவே லைனஸ் என்பவரோடு புஷே ஐரோப்பாவுக்குப் போனார். தமிழ் ஊர்களில் எழுதிய சட்டநூல் இல்லாமலே மரபையும் பழமொழியையும் கொண்டு எப்படி வழக்குத் தீர்க்கிறார்கள் என்று 1714இல் நீண்ட கடிதம் எழுதியவரும் இந்தப் புஷேதான். எதிராளியைக் கேட்காமல் தீர்ப்புச் சொல்லாத பஞ்சாயத்தை அறிந்தவருக்குத் தூர்னோனின் ஆணை எப்படிப் பட்டிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். 1744இல் 14ஆம் பெனடிக்ட் தடைகளை உறுதிசெய்தார். மிஷனரிகள் அவற்றுக்குக் கீழ்ப்படிவதாக ஆணையிட்டுச் சத்தியம் செய்ய வேண்டும் என்ற விதி 1940 வரை நீடித்தது.

இந்தக் கதையை உரோமை கெட்டது, மதுரை நல்லது என்று சொல்லி முடித்தால் அது பொய்யாகும். தடைகளில் ஒன்று நியாயமானது. சாகக் கிடக்கும் பறையரின் குடிசைக்குள் குரு போய் அருட்சாதனம் தர வேண்டும் என்று உரோமை வற்புறுத்தியது. தீட்டுக்கு அஞ்சி நோயாளியை வெளியே தூக்கி வரச் சொன்ன வழக்கத்தைப் பண்பாட்டு மரியாதை என்று காப்பாற்ற முடியாது. மேல்சாதியாருக்கு ஒரு வகைச் சாமியார், மற்றவர்களுக்குப் பண்டாரச்சாமி என்று 1640 வாக்கில் பிரித்த ஏற்பாடு எத்தனையோ ஆயிரம் பேருக்கு வேதத்தைக் கொண்டுபோனது உண்மை. கோயிலுக்குள் சாதியைக் குடியேற்றியதும் உண்மை. நோபிலியின் மேல் நல்லெண்ணம் வைக்கச் சொல்லும் அதே விதி, குடிசைக்குள் கிடந்தவனின் குரலையும் கேட்கச் சொல்கிறது. அவனிடம் யாரும் கேட்கவில்லை.

மனிதர்மேல் கொள்ளும் சந்தேகத்துக்கு அடியில் கடவுள்மேல் கொள்ளும் சந்தேகம் ஒன்று உண்டு. 1643இல் பிரான்சில் ஆர்னோ எழுதிய நூலும் அதைச் சார்ந்த ஜான்செனியக் கூட்டமும், தகுதி வரும்வரை நற்கருணையிலிருந்து விலகி நிற்பதையே பக்தியாக்கின. 1905இல் பத்தாம் பத்திநாதர் அடிக்கடி நன்மை வாங்கலாம் என்றும், 1910இல் ஏழு வயதளவில் புதுநன்மை கொடுக்கலாம் என்றும் ஆணையிட்ட பிறகே அந்த அச்சம் கலைந்தது. குழந்தை தெரேசாவின் நம்பிக்கை வழியைப் பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2023இல் தனி ஊக்கவுரையே எழுதினார். சீர்திருத்தச் சபையாரிடமும் இதே பிணக்கு இருந்தது. மனந்திரும்புதலின் போராட்ட அனுபவத்தை எதிர்பார்த்த ஹாலே பள்ளியாருக்கும், கிறிஸ்துவின் அருளில் இளைப்பாறச் சொன்ன மொராவியச் சகோதரருக்கும் ஜெர்மனியில் ஒத்துப்போகவில்லை. 1760இல் மொராவியர் தரங்கம்பாடிக்கு வந்தபோது அந்தப் பகையும் கூடவே வந்தது.

நம்பிக்கையை வாயால் கேட்டு வாங்க முடியாது என்பதற்கு மிஷனரி ஷ்வார்ட்ஸ் ஐயர் சாட்சி. திருச்சியிலும் தஞ்சையிலும் பணி செய்த அவரை, 1779இல் கம்பெனி ஆட்கள் எவரையும் நம்பாத ஹைதர் அலி, இவர் தன்னை ஏமாற்ற மாட்டார் என்று சொல்லித் தூதுக்கு ஏற்றார். ஷ்வார்ட்ஸ் தமக்குக் கிடைத்த பணத்தைத் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. எருசலேமுக்குக் காணிக்கை கொண்டுபோன பவுலும் தம்மோடு சபைகள் தேர்ந்தெடுத்த ஆட்களை அழைத்துப் போனார். ஆண்டவர் முன் மட்டுமல்ல, மனிதர் முன்னும் குறை சொல்ல இடம் வைக்கக் கூடாது என்று கொரிந்தியருக்கான இரண்டாம் கடிதத்தில் காரணமும் எழுதினார். அப்போஸ்தலரே கணக்குக் காட்டியிருக்கும்போது, கணக்குக் கேட்பவரை விசுவாசமில்லாதவர் என்று யாரும் அடக்க முடியாது.

நம் காலத்தில் நல்லெண்ணம் என்ற பெயரிலேயே பெரிய பாவங்கள் மறைக்கப்பட்டன. பல நாடுகளில் குழந்தைகளைத் துன்புறுத்திய குருக்கள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாற்றப்பட்டார்கள். சந்தேகப்பட்ட பெற்றோருக்குத் தீர்ப்பிடாதே என்ற வசனம் பதிலாகக் கிடைத்தது. இது அக்வினாஸின் போதனை அல்ல. 2019இல் திருச்சபை புகார் பெறும் முறையைச் சட்டமாக்கியது. இந்திய நாட்டின் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டப்படி, குழந்தைக்கு எதிரான குற்றம் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியே ஆக வேண்டும். சொல்வது அயலான்மேல் அவசரத் தீர்ப்பு ஆகாது. தீர்ப்பை உரிய இடத்தில் ஒப்படைப்பதாகும்.

எனவே நம் பகுதியின் பங்குப் பேரவைகளிலும் அன்பியங்களிலும் சபைக் கமிட்டிகளிலும் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள். ஒருவரைப் பற்றிய பேச்சு காதுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் அவரிடமே கேளுங்கள். திருவிழா வரவு செலவைக் கோயில் பலகையில் ஒட்டிவையுங்கள். குழந்தை சொல்லும் புகாரை அன்றைக்கே எழுதிக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.