உடன்பிறந்தார் பெயர்ப் பொருத்தம்

ஒருவர் தம் வாழ்நாளிற் கவி ஒன்றும் இயற்றாதிருக்கலாம். கதை ஒன்றும் எழுதாதிருக்கலாம். ஆயினும், தமக்கு ஒரு மகவு பிறந்தவிடத்து அதற்கு அவர் இடும் பெயர் அவர் செய்யும் நூலாகும். ஒரு சொல்லாலாய அந்நூல் செய்தவர் மறைந்த பின்னும் வழங்குவது. நாடோறும் பலராற் சொல்லப்படுவது. அச்சேறிய நூல்களுட் பலவற்றுக்கு இப்பேறு வாய்ப்பதில்லை. ஆதலின், ஏனை நூல்களைப் போலப் பெயர்களையும் குணமுங் குற்றமும் நாடி ஆராய்தல் தகும். அவ்வாராய்ச்சிக்குத் தனிப்பெயரினும் ஒரு வீட்டிற் பிறந்தார் பெயர்களின் வரிசையே சிறந்த கருவி. ஒரு பெயர் தற்செயலாக அமைதல் கூடும். மூன்று பெயர்கள் வரிசையாக நின்றவழி, இட்டவர் கருத்து வெளிப்படாமற் போகாது.

காலையில் வகுப்பு இடாப்பைக் கூப்பிடும் ஆசிரியர் யாவரும் ஒன்றை அறிவர். நிரோசன் என்பானை முன்னொருகாற் கற்பித்தவர், அவன் தம்பி நிரூசன் வகுப்புக்கு வந்த பின்னும் நிரோசன் என்றே அழைப்பர். சிறுவன் எழுந்து நின்று, “சேர், அது அண்ணா” என்பான். வகுப்பு நகைக்கும், ஆசிரியரும் நகைப்பர். ஆண்டு முழுவதும் இது நிகழுமாயின், நகைப்பில் அச்சிறுவனுக்குப் பங்கில்லை. தன் பெயரைத் தானே நாடோறும் மீட்டுக்கொள்ள வேண்டிய நிலையில் அவனை வைத்தவர் ஆசிரியரல்லர். எதுகை இன்பத்தை நாடிய பெற்றோரேயாவர்.

நூற்குற்றம் பத்தென நன்னூலார் வகுத்தனர். அவற்றுள் நான்கு உடன்பிறந்தார் பெயர்களுக்கு நன்கு பொருந்துகின்றன: கூறியது கூறல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், சென்றுதேய்ந் திறுதல். இந்நான்கையும் அளவுகோலாகக் கொண்டு பழைய பெயர்வரிசைகள் சிலவற்றையும் இற்றைநாள் வழக்கையும் ஈண்டு நோக்குவாம்.

முதற்கண் ஓர் ஐயம் எழும். உடன்பிறந்தார் பெயர்கள் ஒன்றோடொன்று ஒத்திருத்தல் அன்பின் அடையாளமன்றோ, அதனைக் குற்றமென்பது என்னை என்பர் சிலர். தமிழர் பெயரமைப்பே இதற்கு விடை தருகின்றது. தந்தை பெயரும் மகன் பெயரும் சேர்ந்து வழங்குங்காற் கொள்ளும் புணர்ச்சிக்குத் தொல்காப்பியர் தனி விதி கூறினர். சாத்தன் மகனாகிய கொற்றன் சாத்தங்கொற்றன் எனப்படுவன் என உரைகாரர் எடுத்துக்காட்டுவர். இன்று நாம் பெயர்க்கு முன் எழுதும் தலையெழுத்து அப்பழைய வழக்கின் எச்சமெனத் தகும். ஒரு வயிற்றிற் பிறந்தாரைப் பிணைக்கும் தொழிலைத் தந்தை பெயர் முன்னரே செய்து முடித்துவிடுகின்றது. எஞ்சிய தொழில் ஒன்றே: ஒருவரை மற்றவரினின்றும் வேறு பிரித்தல். அதற்கென்றே உள்ள இடத்தில் மீண்டும் பிணைப்பையே வைப்பது கூறியது கூறலாம்.

பாரி மகளிரை எண்ணுக. புறநானூற்றில் அவர் பாடலொன்று உளது. அதனைத் தொகுத்தோர் பாரி மகளிர் என்றே குறித்தனர்; தனிப்பெயர் தந்திலர். அங்கவை, சங்கவை என்பன பிற்காலக் கதைகள் வழங்கிய பெயர்கள். இரண்டற்கும் வேற்றுமை முதலெழுத்தொன்றே. மூத்தாள் யார், இளையாள் யார், எவள் எத்தகையள் என்பன அப்பெயர்களாற் புலப்படா. கதைக்கு அது குற்றமன்று. தந்தையை இழந்த மகளிர் இருவர் ஒரு துயராய், ஒரு குரலாய் நிற்றலே கதை வேண்டுவது. ஆயின் நம் வீட்டுப் பெண்மக்கள் கதைமாந்தரல்லர். ஒருத்தி மருத்துவம் பயில்வாள்; மற்றொருத்தி வயலினிசை பயில்வாள்; ஒருத்தி ஊரிலிருப்பாள்; மற்றொருத்தி கடல் கடப்பாள். என்றும் இணையாகவே நிற்கும் பெயர் தனியே நிற்க நேர்ந்தவழிப் பாதிப்பெயராய் ஒலிக்கும்.

ஒலியொப்புமையின் எல்லை அதுவாயின், பொருளொப்புமையின் எல்லையைப் பெரியபுராணத்திற் காண்கின்றோம். திங்களூர் அப்பூதியடிகள், தாம் கண்டிராத திருநாவுக்கரசர்மேற் கொண்ட பேரன்பினால், மடத்துக்கும் தண்ணீர்ப்பந்தலுக்கும் வீட்டின் அளவைகளுக்கும் அவர் பெயரையே இட்டனர். மக்களுக்கும் அப்பெயரே. ஒருவன் மூத்த திருநாவுக்கரசு. மற்றவன் இளைய திருநாவுக்கரசு. எனவே, ‘மயங்க வைத்தல்’ என்னுங் குற்றம் இங்கேயன்றோ மிக்கதெனின், அன்று. சேக்கிழார் காட்டும் நிகழ்ச்சியை நோக்குக. விருந்தாக வந்த நாவுக்கரசருக்கு இலை அரியச் சென்ற மூத்த மகன் அரவு தீண்டி இறக்கின்றான். விருந்து தடைப்படலாகாதென்று பெற்றோர் அதனை மறைக்கின்றனர். திருநீறு அளிக்குங்கால், மூத்த புதல்வன் எங்கே என அடியார் வினவுகின்றார். அவ்வினாவில் அவர் தேடுவது தம் பெயரையே தாங்கியவனை. அப்பெயர் ஒரு தந்தையின் வாழ்க்கை முழுவதையும் தாங்கி நிற்றலின், அவ்விடம் கற்போர் நெஞ்சை உருக்குகின்றது. ஆயினும் ஒன்று கருதத்தகும். அத்துணைப் பேரன்பரும் ‘மூத்த’, ‘இளைய’ என்னும் அடைமொழிகளை விட்டிலர். பெயர் அடியாருக்கு உரியது. அடைமொழியே பிள்ளைக்கு உரியது. பிள்ளையைத் தேடிய வேளையில் உதவியதும் அவ்வடையே.

இவ்விரண்டு எல்லைகட்கும் நடுவே நம் நாட்டிலேயே ஒரு நல்ல வரிசை உண்டு. பொன்னம்பல முதலியாரின் மைந்தர் மூவர்: குமாரசாமி (1849), இராமநாதன் (1851), அருணாசலம் (1853). இம்மூன்று பெயர்களிடையே எதுகையில்லை, மோனையில்லை, ஈற்றொலியும் வேறு. ஆயினும் அவை ஒரு குடும்பத்தவை என்பதில் ஐயமில்லை. தந்தை பெயர் தில்லைப் பொன்னம்பலத்தை நினைப்பிக்கும்; மூத்தவர் பெயர் முருகனை; நடுவண் பிறந்தவர் பெயர் இராமேசுவரத்தை; இளையவர் பெயர் திருவண்ணாமலையை. வரிசையாக அழைத்தால் ஒரு தலயாத்திரை செய்தவாறாம். தனித்தனியே அழைத்தால் ஒவ்வொன்றும் நிறைந்த பெயராம். இராமநாதன் 1913இல் மகளிர் கல்லூரியை நிறுவியபோதும், அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதற்றலைவரானபோதும், எவர் பெயரும் தமையன் பெயரைத் துணைக்கு வேண்டி நின்றதில்லை. பெயர் வரிசைக்கு வேண்டும் ஒற்றுமை செவியிலன்று, கருத்திலேயே இருத்தல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா.

கருத்தொற்றுமையிலும் செய்யுமுறை பிழைத்தல் உண்டு. மறைமலையடிகள் தம் மக்கட்குத் திருஞானசம்பந்தம், மாணிக்கவாசகம், சுந்தரமூர்த்தி எனச் சமயகுரவர் பெயர்களை இட்டிருந்தனர். 1916ஐ ஒட்டித் தனித்தமிழ் நெறியை மேற்கொண்டபோது வேதாசலம் என்னும் தம் பெயரை மறைமலை என மாற்றியவாறே, அவற்றையும் முறையே அறிவுத்தொடர்பு, மணிமொழி, அழகுரு என மாற்றினர். கொள்கையின் உறுதி போற்றத்தக்கது. திறனாய்வு நோக்கில், அம்மூன்றும் ஒரு நிறையின அல்ல. மணிமொழி வென்றது, அது மொழிபெயர்ப்பென்பது கேட்பார்க்குத் தோன்றாது, தானே ஓர் இனிய பெயராய் நிற்கின்றது. அழகுருவும் ஓரளவு நிற்கும். அறிவுத்தொடர்போ பொருளைப் பெயர்த்ததேயன்றிப் பெயராகவில்லை. மேலும், சீர்காழிப் பிள்ளையாரின் நினைவு சம்பந்தம் என்னும் ஒலியோடு கலந்து கிடந்தது. சொற்பொருளைப் பெயர்க்கலாம், சொல்லோடு வளர்ந்த நினைவைப் பெயர்த்தல் அரிது. தமிழ்ப்பெயர் வேண்டுமென்பார் வடசொல்லை மொழிபெயர்ப்பதினும், தமிழிலேயே வாழ்ந்து வரும் பெயர்களைத் தேடுதல் நன்று.

இனி, இற்றைநாள் வழக்கு. கடந்த ஐம்பதாண்டு அளவில் நம்மவரிடையே பெருகிய பெயர்கள் பலவற்றுக்குப் பொருள் கேட்பின் விடையில்லை. தந்தை பெயரில் ஓரெழுத்து, தாய் பெயரில் ஈரெழுத்து, எண்சோதிடர் கூட்டிய ஓரெழுத்து, ஈற்றில் ‘ஷன்’ அல்லது ‘ஷா’. இவ்வாறு சமைத்த பெயர் எம்மொழியினதும் அன்று. இதுவே வெற்றெனத் தொடுத்தல். டிலக்ஷன், டினுஷன், டினுஷா என வரும் வரிசையில் டகரம் மொழிக்கு முதலாகாமை சிறு குற்றம். பிறமொழிப் பெயர்களைத் தமிழ் ஏற்றே வந்துள்ளது. இராமனுக்கு இகரத்தை முன்வைத்து இடந்தந்ததும் தமிழே. பெருங்குற்றம் யாதெனின், ‘என் பெயரின் பொருள் என்ன?’ என ஐந்து வயதிற் கேட்கும் பிள்ளைக்குச் சொல்ல ஒரு கதையுமில்லாமை.

நாண்மீன் எழுத்து என்னும் முறையும் இதற்குத் துணைபோகின்றது. 27 நாண்மீன்களுக்கும் பாதத்துக்கொன்றாக 108 எழுத்துக்கள் வகுக்கப்பட்டுள. அவை வடமொழி ஒலிகளைக் கருதி அமைந்தவை. திருவாதிரைக்குரியனவாகச் சொல்லப்படும் நான்கனுள் ஙகரமும் ஒன்று. ஙகரத்தில் தொடங்கும் மக்கட்பெயர் தமிழில் யாண்டுளது? நம்பிக்கை உடையார் எழுத்தைக் கொள்க. ஆயின் எழுத்து வாயில் மட்டுமே. வாயிலைக் கட்டிவிட்டு வீட்டை மறத்தல் தகுமோ?

நான்காவது குற்றம் சென்றுதேய்ந் திறுதல். முதற்பிள்ளைக்குப் பெயர் தேடுங்கால் நூல்களைப் புரட்டுவர், பெரியோரை வினவுவர், பலநாள் எண்ணுவர். இரண்டாம் பிள்ளைக்கு முதற்பெயரோடு ஒத்த ஓசை ஒன்று போதுமென்பர். மூன்றாம் பிள்ளைக்கு எஞ்சுவது ஈற்றொலி மட்டுமே. காலமும் குறைவு. முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிப்பது நம்மூர் வழக்கம். பிறப்பை 42 நாட்களுட் பதிதல் வேண்டுமென்பது நாட்டுச் சட்டம். இடையில் எஞ்சுவன 11 நாட்களே. அவசரத்தில் இட்ட பெயரைச் சுமப்பவன், தான் அவசரத்தில் எண்ணப்பட்டவன் என்பதை ஒருநாள் உணர்வான்.

இத்துணையும் கூறியபின், எதிர்வாதம் ஒன்றனை மறைத்தல் நேர்மையன்று. பழைய பெயர்கள் யாவும் பொன்னல்ல. யாழ்ப்பாணத்தில் ஒரே முருகனின் பெயர் ஒரு வீட்டிற் கந்தையா என்றும் மற்றொரு வீட்டிற் கந்தன் என்றும் வழங்கிற்று. மதிப்புத் தரும் ஈறு சிலர்க்கு உரியதென்றும் சிலர்க்கு ஆகாதென்றும் ஊர் விதித்திருந்தது. பெயரைக் கேட்ட அளவிலே எங்கே இருத்துவது, எவ்வாறு விளிப்பது என்று தீர்மானித்தவர் பலர். பொருளற்ற புதுப்பெயர் அத்தீர்மானத்துக்கு இடந்தரவில்லை. டினுஷன் என்னும் பெயரினின்று அவன் தெருவையோ குலத்தையோ எவரும் அறியமாட்டார். இது சிறு நன்மையன்று. பொருளின்மையை விரும்பியன்று, பழம்பொருளின் சுமையை இறக்கவேண்டி இத்தகைய பெயரை நாடியவரும் உளர். 1983க்குப் பின் புலம்பெயர்ந்தாரின் நிலையும் கருதத்தக்கது. அங்குத் தந்தையின் நீண்ட பெயர் குடும்பப் பெயராகிவிட, பிள்ளைக்கேனும் அயலார் நாவுக்கு எளிதான சிறுபெயர் வேண்டுமென அவர் விரும்பியதிற் பிழையில்லை.

ஆயினும் சுமையை இறக்குவதற்குப் பொருளையே இறக்கவேண்டுவதில்லை. எழில், மாறன், நிலா, கபிலன், முகில், யாழினி போல்வன குலங்காட்டா, நாவுக்கும் எளியன, பொருளும் உடையன. ஓர் இல்லத்தில் முகிலும் யாழினியும் கபிலனும் வளர்வராயின், அவர் பெயர்களிடையே ஓசையொப்புமை இல்லை; ஆயினும் அவற்றை இட்டவர் உள்ளம் ஒன்றே என்பது எவர்க்கும் விளங்கும்.

பேரன் என்னுஞ் சொல் பெயரன் என்பதன் மரூஉ. பாட்டன் பெயரைத் தாங்குவோன் என்பது அதன் பொருள். ஒரு பெயர் ஒரு தலைமுறையோடு முடிவதன்று என்னும் எண்ணம் அச்சொல்லிலேயே உறைகின்றது. ஆதலின் பெயரிடுவோர் கேட்கவேண்டிய வினா, ‘அண்ணன் பெயரோடு இது ஒத்திசைக்கின்றதா?’ என்பதன்று, ‘இவன் தனியே நிற்கும்போது இப்பெயர் இவனுக்குப் போதுமா? இவன் பேரன் இதனைத் தாங்க விரும்புவானா?’ என்பதே.

இதனைப் படிக்கும் மாணவர் இன்று மாலை வீட்டில் ஒன்று செய்க. தம் பெயரும் உடன்பிறந்தார் பெயரும் எவ்வாறு வந்தனவென்று பெற்றோரை வினவுக. கிடைக்கும் விடை நெடிதாயின் மகிழ்க. விடை இல்லையாயின் வருந்தற்க. அப்பெயருக்குப் பொருள் தேடித்தரும் பொறுப்பு உங்கள் வாழ்க்கையைச் சார்ந்தது. அடுத்த பெயரை இடும் முறையும் ஒருநாள் உங்களுடையதாகும்.