எந்திரம் வாசித்த பத்து ராகங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ் வீடுகளில் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. பேரப்பிள்ளை கீபோர்டு கேட்கும். தாத்தா, "அதுல கமகம் வருமாடே?" என்பார். இவ்வழக்கில் விசாரிக்கத்தக்க சாட்சி ஒன்று உண்டு. பம்பாய்த் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-இல் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்த இசைத்தட்டே அது. கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா வெளியிட்டது.

கருவிகள் மூன்றும் ஜப்பானிய ரோலண்டு நிறுவனத்தவை. தாளத்துக்கு டி.ஆர்.808, கீழ் ஸ்தாயிக்கு டி.பி.303, ராகத்துக்கு ஜுப்பிட்டர்-8. இவற்றுள் டி.பி.303, பாஸ் கிடாருக்கு மாற்றாகச் செய்த சின்னப் பெட்டி. ஒரு சுரத்திலிருந்து மற்றொன்றுக்கு வழுக்கிப் போகும் வசதி அதில் இருந்தது. சாதாரணக் கீபோர்டில் கட்டை கட்டையாக நிற்கும் சுரங்கள் இங்கே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு ஓடுகின்றன. ஆக, தாத்தாவின் கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது: ஜாரு வரும், கம்பிதம் பெரும்பாலும் வராது.

நம் காதுக்குப் பழகிய ராகங்கள்தாம் இதில் பல. பூபாலி நமக்கு மோகனம், மால்கௌன்ஸ் இந்தோளம், யமன் ஏறத்தாழக் கல்யாணி. தோடி என்று போட்டிருப்பதை மட்டும் நம்ம தோடி என்று நினைத்துவிடக்கூடாது, அது சுபபந்துவராளி. மோகனம், இந்தோளம் போன்ற ஐந்து சுர ராகங்கள் எந்திரத்தில் நன்றாகவே நிற்கின்றன. அசைவை நம்பி வாழும் ராகங்கள் தடுமாறுகின்றன. பெருங்குறை வேறொன்று. லலித் விடியலுக்குரியது, யமன் அந்திக்குரியது. இரண்டுக்கும் கீழே அதே மத்தளப் பெட்டி ஒரே மாதிரி இடித்துக்கொண்டிருக்கிறது. பொழுது போய்விட்டது. ராகத்தின் சட்டம் இருக்கிறது, நேரம் இல்லை.

இருந்தும் இதைத் தள்ள முடியாது. அமெரிக்காவின் சிகாகோ நகர இளைஞர்கள் இதே டி.பி.303-ஐக் கொண்டு 'ஆசிட்' இசை என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தது 1987-இல். ஐந்து வருஷம் முந்தியே பம்பாயில் அந்த ஒலி கேட்டாயிற்று. நம்மவர் யாரும் கண்டுகொள்ளவில்லை. 2010-இல் ஒரு டச்சுக்காரர் மறுபதிப்பு கொண்டுவந்த பிறகுதான், சரண்ஜித் ஐரோப்பிய மேடைகளுக்கு அழைக்கப்பட்டார். 2015 ஜூலையில் மறைந்தார்.

ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவை இதனோடு ஒப்பிடுங்கள். டுசல்டார்ஃப் நகரில் 1970-இல் தொடங்கியது. பெயருக்குப் பொருள் மின் நிலையம். 1974-இல் நெடுஞ்சாலையைப் பற்றி 'ஆட்டோபான்' என்று இருபத்திரண்டு நிமிஷப் பாட்டைத் தம் ஜெர்மன் மொழியிலேயே பாடினார்கள். அடுத்த வருஷமே அமெரிக்கப் பயணம். 1981 உலகப் பயணத்தில் தங்கள் ஒலிப்பதிவுக் கூடத்தின் கருவிகளையே மேடைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களிடம் சொந்தக் கூடம் இருந்தது, தொடர்ந்து கேட்க ஆள் இருந்தது. சரண்ஜித்திடம் கருவி இருந்தது, கற்பனை இருந்தது; பிழைப்போ பிறர் படங்களுக்கு வாசிப்பதில். ஆகவே ஒரு தட்டோடு அந்த வழி நின்றது. சரக்கில் குறைவில்லை, வாங்க ஆளில்லாமல் போயிற்று.

வயலினும் கடல் கடந்து வந்ததுதான். சுவாதித் திருநாள் தம் அரசவையில் வடிவேலுவுக்குத் தந்தப் பிடில் பரிசளித்தபோது, அதுவும் புதுக்கருவியே. அதைக் கர்நாடக இசைக்கு வசப்படுத்தியது வாசித்த கை, கேட்ட காது. பேரன் கீபோர்டு வாங்கட்டும். ஆனால் முதலில் மோகனத்தைத் தாத்தா பாட, அவன் கேட்கட்டும். 1956-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்ற நம் வில்லுப்பாட்டுக்காரர்களையும் நாகசுரக்காரர்களையும் பதிவு செய்ய டச்சுக்காரர் வரமாட்டார். சங்கம் இவ்வருஷமே ஒரு ஒலிப்பதிவுக் கருவி வாங்கி அந்த வேலையைத் தொடங்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.