ஓங்கிலுக்கு ஆங்கிலம் எதற்கு?

கடலிலே நீந்தும் ஓங்கில், கரையிலே நிற்கும் ஆராய்ச்சியாளரை 'பா' என்று அழைக்கிறது, ஆங்கிலம் பேசுகிறது! 1973-இல் மைக் நிக்கல்ஸ் இயக்கத்தில் அமெரிக்காவில் வெளிவந்த 'தி டே ஆஃப் தி டால்பின்' காட்டும் விந்தை இது. டால்பினை நம் கடற்கரை மக்கள் ஓங்கில் என்பர். நாமும் அவ்வாறே குறிப்போம். சதிகாரர் ஓங்கில்களைக் கவர்ந்து சென்று, குடியரசுத் தலைவரின் படகில் வெடி பொருத்த ஏவுகின்றனராம். கதைதானே, போகட்டும். நமது வழக்கு அந்தப் பேச்சின் மீது.

முழுக் கற்பனை என்று தள்ளவும் இயலாது. ஓரிரு பத்தாண்டுகளில் மனிதன் வேற்றுயிரோடு உரையாடுவான் என்று 1961-இல் நூல் எழுதினார் ஜான் லில்லி என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். 1965-இல் வெர்ஜின் தீவுகளில், நீர் நிரப்பிய வீட்டில், அவருடைய உதவியாளரான பெண்மணி பத்து வாரம் ஓங்கிலோடு தங்கி ஆங்கிலம் புகட்டினார். விளைந்தது என்ன? மனிதர் எத்தனை அசை ஒலித்தனரோ, அத்தனை ஒலிகளைத் திருப்பித் தர ஓங்கிலால் முடிந்தது. எண்ணிக்கை வந்தது; மொழி வரவில்லை.

எப்படி வரும்? ஓங்கிலுக்குக் குரல்நாண் இல்லை. உச்சந்தலை மூச்சுத்துளைக்குக் கீழே, நாசிப் பாதையில் இதழ் போன்ற திசுக்கள் அதிர்ந்து ஒலி பிறக்கிறது. கிளிக்கும் குரல்நாண் இல்லையே, அது பேசவில்லையா என்பீர்கள். கிளி தன் தடித்த நாவால் ஒலியை வளைக்கிறது. ஓங்கிலின் ஒலியோ வாய்வழி வருவதே இல்லை.

இந்தப் பிழையையும் மன்னிக்கலாம். படம் பார்த்த இளைஞர் எவரும் ஓங்கில் பேசும் என்று நம்பிவிடப் போவதில்லை. ஆனால் மனிதனைப்போல் பேசுவதே அறிவு என்ற எண்ணம் அவருள் ஓசையின்றிப் புகுந்துவிடுமே! அதைத்தான் நாம் பொறுக்க மாட்டோம். மனிதச் செவி நொடிக்கு 20,000 அதிர்வோடு நின்றுவிடுகிறது. ஓங்கிலின் செவி ஏறத்தாழ 1,50,000 வரை எட்டுகிறது. கலங்கல் நீரிலும் எதிரொலி கொண்டே இரையை அறிகிறது. ஹவாயில் லூயிஸ் ஹெர்மன் கைச்சைகைகளால் பழக்கிய அகேகமாய் என்ற ஓங்கில், சைகைகளின் வரிசை மாறினால் பொருள் மாறுவதையும் உணர்ந்தது. 1984-இல் அம்முடிவு வெளியாயிற்று. வாய் திறந்து ஒரு சொல் பேசவில்லை அது!

ஒவ்வோர் ஓங்கிலுக்கும் தனிச் சீழ்க்கை ஒன்று உண்டு என்பதைக் கால்டுவெல் இணையர் 1965-லேயே எழுதினர். அச்சீழ்க்கையின் படியை ஒலிபரப்பினால் அதற்குரிய ஓங்கில் மறுமொழி தருகிறது என்று 2013-இல் ஸ்டெஃபனி கிங்கும் வின்சென்ட் ஜானிக்கும் காட்டினர். பெயர் என்று அதைச் சொல்லாமல் வேறு என்னவென்பது? படமோ, தனக்கெனப் பெயருள்ள உயிருக்கு 'ஃபா' என்று புதிதாய் ஒன்று சூட்டி, அதையே சொல்லவைத்து மகிழ்கிறது.