நூற்பாலை ஊரில் ஒரு பாய்மரக் கப்பல்

2,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்தால் ஒரு பாய்மரக் கப்பல் அட்டைப்பெட்டிக்குள் அடங்கி எங்கள் ஊர் வேடசந்தூருக்கே கூரியரில் வந்துவிடுகிறது. கட்டி முடித்தால் 40 சென்டிமீட்டர் நீளம், இரண்டு பாய்மரம். நிஜக் கப்பலில் நூறில் ஒரு பங்கு அளவு. பெட்டியின் மேல் தயாரித்த நிறுவனத்தின் பெயர் எதுவும் இல்லை. இணையக் கடைகளில் இதே பெட்டியைப் பல விற்பனையாளர்கள் பல பெயர்களில் விற்கிறார்கள். உள்ளே இருப்பது ‘பால்டிமோர் கிளிப்பர்’ வகை. 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் வேகத்துக்குப் பேர்போன கப்பல் வகை இது.

வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: வாங்கலாம். ஆனால் மரத்துக்காக வாங்குங்கள். நூலையும் பாய்த்துணியையும் நம்பி வாங்காதீர்கள்.

ஏராக்கட்டை, வங்குகள், மேல்தட்டு ஆகிய மூன்றும் லேசரில் வெட்டிய ப்ளைவுட் தகடுகளாக வருகின்றன. கப்பலின் முதுகெலும்பு ஏரா. அதன் குறுக்கே விலா எலும்புகளாக நிற்பவை வங்குகள். வெட்டின் துல்லியத்தில் குறை சொல்ல முடியாது. ஏராவின் வெட்டுக்குள் வங்கு ஆடாமல் அசையாமல் உட்காருகிறது. தகட்டிலிருந்து துண்டுகளைக் கையால் பிய்க்காமல் பிளேடால் அறுத்து எடுங்கள். லேசர் பட்ட விளிம்பெல்லாம் கருகியிருக்கும். கருகிய மரத்தில் பசை சரியாகப் பிடிக்காது என்பதால், ஒட்டும் இடத்தையெல்லாம் 220 நம்பர் உப்புத்தாளால் மரத்தின் நிறம் தெரியும்வரை தேய்த்தாக வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் ஏரா லேசாக வளைந்திருந்தது. ஈரத்துணியால் துடைத்து, தட்டையான பலகைக்கடியில் பாரம் ஏற்றி வைத்ததும் நிமிர்ந்துவிட்டது. ஏரா கோணலாக இருந்தால் அதன்மேல் கட்டும் எதுவும் நேராக வராது. ஆகவே பெட்டியைத் திறந்ததும் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

செய்முறைத் தாள்தான் இந்தப் பெட்டியின் பெரிய பலவீனம். படங்கள் மட்டும் இருக்கின்றன. உடலுக்குப் பலகை பொருத்தும் வேலையை ஒரே படத்தில் முடித்துவிட்டார்கள். கப்பல் மாதிரி கட்டுவதில் பாதி உழைப்பு அங்கேதான் இருக்கிறது. பாதியில் விட்டுவிட்டுப் பெட்டியைப் பரண்மேல் போடுகிறவர்கள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் விடுகிறார்கள். எனவே அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வங்குகளை ஒட்டியதும் அவற்றின் விளிம்பு செங்குத்தாக இருக்கும். ஆனால் கப்பலின் உடல் அணியத்தை, அதாவது முன்முனையை நோக்கிக் குவிகிறது. அமரத்தை, அதாவது பின்பக்கத்தை நோக்கியும் குவிகிறது. அந்தச் சாய்வுக்கு ஏற்ப ஒவ்வொரு வங்கின் விளிம்பையும் தேய்த்துச் சரிக்க வேண்டும். ஒரு மரப்பட்டையை மூன்று நான்கு வங்குகளின் மேல் படுக்க வைத்துப் பாருங்கள். எல்லா வங்கிலும் பட்டையின் முழு அகலமும் படிந்தால் தேய்த்தது போதும். ஒரு ஓரம் மட்டும் தொட்டு, மறு ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால் இன்னும் தேய்க்க வேண்டும். இந்த வேலைக்குப் பொறுமையைத் தவிர வேறு கருவி தேவையில்லை.

அடுத்தது பட்டையின் அகலம். பெட்டியில் வரும் பட்டைகள் எல்லாம் ஒரே அகலம். கப்பலின் நடுவில் வங்கின் சுற்று பெரிது, அணியத்தில் சிறிது. ஒரே அகலப் பட்டைகளை அப்படியே ஒட்டிக்கொண்டு போனால் முன்முனையில் இடம் போதாமல் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ஒரு காகிதப் பட்டையை நடு வங்கின்மேல் படிய வைத்து, மேல்தட்டின் ஓரம் முதல் ஏரா வரை அளந்துகொள்ளுங்கள். அந்த அளவைப் பட்டையின் அகலத்தால் வகுத்தால் ஒரு பக்கத்துக்கு எத்தனை பட்டை என்பது தெரியும். பிறகு அணியத்தை ஒட்டிய வங்கை அதேபோல் அளந்து, அதே எண்ணிக்கையால் வகுத்தால் அங்கே ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு ஒடுங்க வேண்டும் என்பது கிடைக்கும். பாதி அகலத்துக்குக் கீழே மட்டும் ஒடுக்காதீர்கள், பட்டை பிளந்துவிடும். அப்படி ஒரு நிலை வந்தால் இரண்டு பட்டைகளை அங்கே ஒன்றாக்கிவிட வேண்டும். அமரத்தின் அடிப்பக்கத்தில் இதற்கு நேர்மாறு: இடைவெளி விரியும். அங்கே ஆப்பு வடிவத் துண்டு சீவிச் செருக வேண்டும். நிஜக் கப்பல் கட்டும் ஓடாவிகளும் இதையேதான் செய்கிறார்கள், பெரிய பலகையில்.

வளைப்பதற்கு வெந்நீரும் சால்டரிங் அயர்னும் போதும். ஊறிய பட்டையைச் சூடான அயர்ன் தண்டின்மேல் மெல்ல இழுத்தால் ஆவி பறக்கும். மரம் வளைந்து கொடுக்கும். ஆறியதும் அந்த வளைவிலேயே நிற்கும். ஈரத்தோடு ஒட்டிவிடக் கூடாது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில் ஊறிய பட்டை வெகுசீக்கிரம் காய்ந்து சுருங்கும். ஈரத்தில் நெருக்கி ஒட்டினால் காய்ந்தபின் பட்டைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியும். வளைத்து, கிளிப் போட்டுக் காயவிட்டு, அதன்பின் ஒட்டுங்கள். இடது பக்கம் ஒன்று ஒட்டினால் அடுத்தது வலது பக்கம் என்று மாறி மாறி ஒட்ட வேண்டும். ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டே போனால் அந்தப் பக்கம் இழுத்து ஏரா முறுகிவிடும். பசைக்கு, தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே சிறந்தது. உடனடிப் பசை அவசரத்துக்கு உதவும். ஆனால் அது படிந்த இடம் வெளுத்துக் காட்டும். மேலே வார்னிஷும் சரியாக ஏறாது.

இனி நூல். பெட்டியில் வரும் நூலைப் பார்த்ததும் எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் உதட்டைப் பிதுக்குவார்கள். வேடசந்தூரைச் சுற்றி நூற்பாலைகள் நிறைய. வீட்டுக்கு ஒருவராவது மில்லில் வேலை பார்த்திருப்பார்கள். பெட்டியில் வருவதோ தடித்த பழுப்பு நூல், உடம்பெல்லாம் பிசிறு. நிஜக் கப்பலில் பாய்மரத்தை இழுத்துப் பிடித்து நிற்கும் கயிறுகள் தார் பூசிக் கறுத்திருக்கும். பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள் வெளிர் நிறத்தில் இருக்கும். பெட்டியில் இரண்டுக்கும் ஒரே நூல். 1:100 அளவில் 0.3 மில்லிமீட்டர் நூல் என்றால் நிஜத்தில் 3 சென்டிமீட்டர் தடிமனுள்ள கயிறு. பாய் ஏற்றும் கயிற்றுக்கும் நங்கூரக் கயிற்றுக்கும் ஒரே தடிமன் இருந்தால், மற்றதெல்லாம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் பொம்மை போலத்தான் தெரியும்.

எனவே கயிற்றை நாமே திரித்துக்கொள்வது நல்லது. ஒரு முனையில் பல்சக்கரத்தால் ஒன்றாகச் சுழலும் மூன்று கொக்கிகள். மறுமுனையில் தடையில்லாமல் சுழலும் ஒரு கொக்கி. மூன்று இழைகளையும் ஒரே திசையில் முறுக்கேற்றி, மறுமுனையை விட்டால், அவை எதிர்த்திசையில் ஒன்றோடொன்று பின்னிக் கயிறாகிவிடும். நீளம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையும். உலகெங்கும் கப்பல் மாதிரி கட்டுபவர்கள் பயன்படுத்தும் கருவிதான் இது. பொம்மைக் கார் பல்சக்கரங்களை வைத்தே செய்துவிடலாம்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. இழையை அதன் கடைசி முறுக்கு எந்தத் திசையில் இருக்கிறதோ அதே திசையில்தான் மேலும் முறுக்க வேண்டும்; எதிர்த்திசையில் முறுக்கினால் நூல் பிரிந்துபோகும். கடையில் வாங்கும் தையல் நூலின் கடைசி முறுக்கு பெரும்பாலும் ‘இசட்’ முறுக்கு, அதாவது இழைகள் Z எழுத்தின் நடுக்கோடு போலச் சாய்ந்திருக்கும். அதில் திரித்தால் கிடைப்பது இடமுறுக்குக் கயிறு. ஆனால் கப்பலில் பெரும்பாலான கயிறுகள் வலமுறுக்கு. இந்தச் சிக்கலால் வெளிநாட்டில் பலர் அதற்கு எதிரான ‘எஸ்’ முறுக்கு நூலைத் தேடி அலைகிறார்கள். இங்கே தேடவே வேண்டாம். மில்லில் ஒற்றை நூல் ‘இசட்’ முறுக்கில் ஓடும். இரண்டைச் சேர்த்து முறுக்கி டபுளிங் செய்யும்போது பெரும்பாலும் ‘எஸ்’ முறுக்கு கொடுப்பார்கள். 2/80, 2/100 போன்ற கவுண்டில் கோம்டு (சீவிய பஞ்சில் நூற்ற) நூல் ஒரு கோன் கிடைத்தால் போதும். பிசிறும் குறைவு, வலமுறுக்குக் கயிறும் சரியாக வரும். திரித்தபின் தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துவிட்டால் மிச்சப் பிசிறும் படிந்துவிடும். ஐப்பசி ஈரத்தில் இறுகி, வெயிலில் தளரும் பருத்தியின் குணமும் ஓரளவு கட்டுக்குள் வரும்.

பாய்த்துணியைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. நெசவு தடிப்பு. மெல்லிய மல் துணியைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து எடுத்து வெட்டிக்கொள்ளுங்கள்.

ஸ்பெயினின் ஆர்டெசானியா லத்தீனா, ஓக்ரே, இத்தாலியின் அமாட்டி, டென்மார்க்கின் பில்லிங் போட்ஸ் ஆகியவை இந்தத் துறையில் பெயர்பெற்ற நிறுவனங்கள். கூரியரும் சுங்க வரியும் சேர்ந்தால் விலை பல மடங்காகிவிடும் என்பதால், முதல் கப்பலுக்கு அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். பிளாஸ்டிக்கில் கட்ட விரும்பினால், 1869-இல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டு இன்று லண்டன் கிரீனிச்சில் நிற்கும் ‘கட்டி சார்க்’ தேயிலைக் கப்பலின் 1:96 மாதிரியை ரெவெல் நிறுவனம் வெளியிட்டிருக்கிறது.

இந்தப் பெட்டியை ஒரு பள்ளிக்கூடம் என்று நினைத்து வாங்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஏரா, வங்கு, பலகை, கயிறு ஆகிய நான்கும் கைவசமாகிவிட்டால் நம் கப்பல்களைக் கட்டலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டிய ‘அன்னபூரணி’ இரட்டைப் பாய்மரக் கப்பல். நீளம் 89 அடி. அதை வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, ‘புளோரன்ஸ் சி. ராபின்சன்’ என்று பெயர் மாற்றினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதை ஓட்டிச் சென்று, 1938 ஆகஸ்டில் மசாசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். 1:64 அளவில் கட்டினால் அந்தக் கப்பல் 42 சென்டிமீட்டர்தான் வரும். இந்தப் பெட்டிக் கப்பல் வைத்த அலமாரியிலேயே வைத்துவிடலாம். யாழ்ப்பாணத்தில் கப்பலுக்குப் பயன்பட்ட வேம்பும் இலுப்பையும் எங்கள் திண்டுக்கல் சுற்றுவட்டாரத்தில் கிடைக்காத மரங்களா? தூத்துக்குடியின் தோணியையும் இப்படியே கட்டலாம். பாயில் ஓடிய காலம் போய் எஞ்சின் வந்துவிட்டாலும், மரத்தோணியில் சரக்கு ஏற்றி மாலத்தீவுக்குப் போகும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு கப்பலுக்கு உலகில் எந்த நிறுவனமும் மாதிரிப் பெட்டி வெளியிட்டு நான் பார்த்ததில்லை.

மாதிரி கட்டுவதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு செய்தி. அஜந்தா ஓவியத்திலுள்ள 5-ஆம் நூற்றாண்டுக் கப்பலைப் பார்த்து, பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்துக் கட்டிய ‘கௌண்டின்யா’, 2025 மே மாதம் கார்வாரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அந்தக் காலத்து அளவுப்படம் எதுவும் கிடையாது. அதனால், கப்பல் தண்ணீரில் எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சென்னை ஐஐடியின் கடல் பொறியியல் துறையில் மாதிரியை வைத்துத்தான் சோதித்தார்கள்.

தீர்ப்பு: மரத்துக்கும் வெட்டுக்கும் 10-க்கு 8. செய்முறைத் தாளுக்கு 3. நூலுக்கும் பாய்க்கும் 2. கொடுத்த காசுக்குக் கைக்கு வரும் தேர்ச்சியைக் கணக்கிட்டால் 9.

தோணியின் அளவுப்படம் வைத்திருக்கும் தூத்துக்குடி மேஸ்திரிகளுக்கும், ‘அன்னபூரணி’யின் வரைபடமோ புகைப்படமோ வைத்திருக்கும் வல்வெட்டித்துறைக் குடும்பங்களுக்கும் ஒரு வேண்டுகோள். அவற்றை வெளியிடுங்கள். கல்யாணப் பெயர்ப்பலகை வெட்டும் லேசர் இயந்திரமே வங்கையும் வெட்டும். நூலுக்கு எங்கள் ஊர் இருக்கிறது. தோணி மாதிரிப் பெட்டி ஒன்று தமிழ்நாட்டிலேயே தயாராக வேண்டும். தயாரிப்பவர் யாராக இருந்தாலும், தமிழில் எழுதிய செய்முறைப் புத்தகத்தை அதில் சேர்க்க மறக்காதீர்கள்.