மோட்டுவளையைப் பார்த்துக் கிடப்பவள்

பிரெஞ்சுச் சித்திரக்கதையில் பெரும்புகழ் பெற்ற முதல் பெண் பாத்திரம் பெக்காசின். 1905-இல் சிறுமியருக்கான வார இதழ் ஒன்றில் தோன்றியவள். ஓவியர் பென்ஷோன் அவளுக்கு வட்ட முகம் வைத்தார், புள்ளி புள்ளியாய்க் கண்கள் வைத்தார், வாயை வரையவில்லை. ஏவிய வேலையைச் செய்யும் பணிப்பெண் அவள்.

அங்கிருந்து 1988-க்கு வந்தால் அக்ரிப்பின் எதிர்ப்படுகிறாள். நீண்ட மூக்கு, வாரப்படாத தலை, பாதி மூடிய கண், எதையாவது சொல்லிச் சலித்துக்கொண்டே இருக்கும் வாய். கிளேர் பிரெத்தேஷே படைத்த இந்தப் பாரிஸ் விடலைப்பெண் 2009 வரை எட்டுத் தொகுப்புகளில், வயதே ஏறாமல், வீட்டாரைப் படுத்தி எடுத்தாள். 2001-இல் கனால் ப்ளுஸ் சேனல் அவள் கதையை 26 பகுதிகள் கொண்ட அனிமேஷன் தொடராக்கியது.

பிரெத்தேஷே 1940-இல் நாந்த் நகரில் பிறந்தவர். ஆண்களே கோலோச்சிய துறையில் நுழைந்து, 1972-இல் சக ஓவியர்கள் கோத்லிப், மந்த்ரிகா இருவரோடும் சேர்ந்து பெரியவர்களுக்கான காமிக்ஸ் இதழைத் தொடங்கினார். 1973 முதல் 'லு நூவெல் ஒப்செர்வாத்தர்' வார இதழில் அவர் வரைந்த பக்கம்தான் அவரை வீட்டுக்கு வீடு கொண்டுசேர்த்தது. இடதுசாரி இதழ் அது. சோபாவில் சாய்ந்தபடி புரட்சியையும் விடுதலையையும் அலசும் படித்த நடுத்தர வர்க்கம்தான் அதன் வாசகர் கூட்டம். அவர்களையே அவர் வரைந்தார், அவர்களும் விரும்பிப் படித்தார்கள். சிந்தனையாளர் ரோலான் பார்த் அவரை அந்த ஆண்டின் சிறந்த சமூகவியலாளர் என்று சொன்னது 1976-இல்.

அந்த சோபாவில் உட்கார்ந்திருந்தவர்களின் மகள்தான் அக்ரிப்பின். அவளுடைய சிக்கலும் அங்கேதான் இருக்கிறது. அப்பா அம்மா இருவரும் 1968 மே மாதக் கிளர்ச்சியின் தலைமுறை. அதட்டுவதில்லை. எதையும் புரிந்துகொள்ளத் தயாராக இருக்கிறார்கள். கலகம் செய்தவர்களின் பிள்ளை எதை எதிர்த்துக் கலகம் செய்வது? மோதிப் பார்க்க ஒரு சுவர்கூட இல்லாத வீட்டில் அவள் கையில் எடுத்த ஆயுதம் சலிப்பு. கொடி பிடிப்பதில்லை, வீட்டை விட்டு ஓடுவதில்லை. கட்டிலில் குறுக்கே விழுந்து மோட்டுவளையைப் பார்த்துக் கிடக்கிறாள். அவ்வளவு கோபத்தையும் இவ்வளவு அசைவின்மையில் வைத்த பாத்திரம் காமிக்ஸில் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பிரெத்தேஷேயின் பக்க அமைப்பை உற்றுப் பார்த்தால் இது விளங்கும். ஒரே கோணம் கட்டத்துக்குக் கட்டம் திரும்ப வரும். பின்னணி பெரும்பாலும் வெறுமை. நாற்காலியின் கைப்பிடி மேல் போட்ட கால் அடுத்த கட்டத்திலும் அங்கேயே இருக்கும். இமை மட்டும் கொஞ்சம் தாழ்ந்திருக்கும், அல்லது கை தலைமுடிக்குப் போயிருக்கும். இரண்டு கட்டங்களுக்கு நடுவில் எவ்வளவு நேரம் கடந்தது என்பதை வாசகர் தீர்மானிக்கிறார். சிரிப்பு பிறப்பது அந்த இடைவெளியில்தான். பேச்சோ அதற்கு நேரெதிராகத் தறிகெட்டு ஓடும். தெருவில் புழங்கும் கொச்சை புத்தகம் அச்சாவதற்குள் பழசாகிவிடும் என்பதால், அக்ரிப்பினுக்கும் அவள் தோழி பெர்ழேருக்கும் பிரெத்தேஷே தாமே ஒரு விடலை மொழியைப் புனைந்து கொடுத்தார். பெற்றோருக்கு விளங்காது, வாசகருக்குப் பாதி விளங்கும்.

இப்போது தொலைக்காட்சியின் தேவைகளைப் பாருங்கள். சுமார் அரைமணி நேரப் பகுதிக்கு முடிச்சு ஒன்று வேண்டும், அது அவிழவும் வேண்டும். கட்டிலில் கிடப்பவள் எழுந்தாக வேண்டும். பிரெத்தேஷேயின் கோடு அவசரத்தில் கிறுக்கியதுபோல் நடுங்கும் கோடு. பல கைகள் ஒரே முகத்தை ஆயிரக்கணக்கான முறை வரையும் கூடத்தில் அந்த நடுக்கம் தாங்காது. புனைமொழியை வாசகர் நின்று, திரும்பப் படித்து, ஊகித்துச் சுவைக்கலாம். காதில் விழுவது ஓடிவிடும். ஈடாகக் கிடைப்பது குரல். இழுத்து இழுத்துப் பேசும் விடலைக் குரலைத் தாள் தர முடியாது. அந்தப் பேரம் எனக்கு லாபமாகப் படவில்லை. ஆனாலும் அந்தச் சேனலின் துணிச்சலை மதிக்கிறேன். பிரான்சில் அனிமேஷனுக்கான பணம் பெரும்பாலும் சிறுவர் நேரத்துக்கே போகிறது. சந்தா வாங்கி நடத்தும் சேனல் என்பதால்தான் அக்ரிப்பினைக் குழந்தையாக்காமல் திரைக்குக் கொண்டுவர வழியிருந்தது.

பின்னால் வந்தவற்றோடு ஒப்பிட்டால் இதன் அருமை தெரியும். ஜூலியன் நீலின் 'லூ!' சித்திரக்கதை 2004-இல் நூலானது, 2009-இல் தொலைக்காட்சிக்கு வந்தது. அங்கே தலைகீழ்: வீடியோ கேமும் அறிவியல் புனைகதையுமாகப் பொழுதைக் கழிக்கும் அம்மாதான் விடலை, மகள் பொறுப்பானவள். இதமான தொடர். ஆனால் நூல்களில் லூ வளர்ந்துகொண்டே போகிறாள், பிற்காலத் தொகுப்புகள் இருண்டு விசித்திரமாகின்றன. திரையில் இருப்பதோ தொடக்ககால லூ.

ரியாத் சத்தூஃபின் 'எஸ்தேரின் குறிப்பேடுகள்' 2014-இல் தொடங்கியது பிரெத்தேஷே வரைந்த அதே வார இதழில்தான். அப்போது அதன் பெயர் 'லோப்ஸ்' என்று சுருங்கியிருந்தது. நண்பர் வீட்டுச் சிறுமி சொன்னதைக் கேட்டு வாரம் ஒரு பக்கம், ஆண்டுக்கு ஒரு நூல், பத்து வயதிலிருந்து பதினெட்டு வரை. 2018-இல் அதே கனால் ப்ளுஸ் இதை அனிமேஷனாக்கியபோது நூலில் எஸ்தேருக்கு வயது பன்னிரண்டுதான். அப்பாவைத் தலையில் வைத்துக் கொண்டாடும் சிறுமிதான் திரைக்குப் போனாள். அப்பாவிடம் குறை காணத் தொடங்கும் பெண் நூலிலேயே தங்கிவிட்டாள்.

ஆனால் வடிவத்தில் 'எஸ்தேர்' ஒரு வழியைக் காட்டிவிட்டது. ஒவ்வொரு பகுதியும் சில நிமிடங்கள்தான். ஒரு பக்கம் திரையில் ஒரு பகுதியாகிறது. முடிச்சுப் போட்டு அவிழ்க்கும் கட்டாயம் இல்லை, அசைவும் குறைவாகப் போதும். 2001-இல் அக்ரிப்பினுக்குக் கிடைக்காதது இந்தச் சுருக்கம். பிரெத்தேஷே 2020 பிப்ரவரியில் மறைந்தார். எட்டுத் தொகுப்புகளும் அப்படியே இருக்கின்றன. அவற்றை யாராவது மறுபடி எடுப்பதானால் பக்கம் பக்கமாக எடுக்கட்டும், அவளைக் கட்டிலிலிருந்து எழுப்பாமல் எடுக்கட்டும்.