வத்தாராவும் வதிவிட அட்டையும்

மேற்காபிரிக்காவின் ஐவரிகோஸ்ட்டை 2011 இலிருந்து ஆண்டுவரும் அலஸான் வத்தாரா பற்றி இரண்டு சித்திரங்களே நமக்குக் கிடைக்கின்றன. ஒன்று, சர்வதேச நாணய நிதியத்தின் செல்லப்பிள்ளை. மற்றது, பிறப்பின் பேரால் ஒதுக்கப்பட்டு இறுதியில் வென்றவர். இடதுசாரிகள் முதலாவதோடும் தாராளவாதிகள் இரண்டாவதோடும் திருப்தியடைந்துவிடுகிறார்கள். இவ்விரண்டும் ஒரே மனிதரில் எங்கே சந்திக்கின்றன என்பதை இரு தரப்பும் பேசுவதில்லை.

பென்சில்வேனியாவில் பொருளியல் கலாநிதிப் பட்டம், நாணய நிதியத்தின் ஆபிரிக்கத் துறைப் பணிப்பாளர், 1988 இல் மேற்காபிரிக்க மத்திய வங்கியின் ஆளுநர். இந்த ஏணிப்படிகளில் விசேடமாகச் சொல்ல ஏதுமில்லை. கொக்கோ விலை வீழ்ந்து நாடு கடனில் மூழ்கியபோது, முதிய ஜனாதிபதி ஊஃபுவே-புவாஞி 1990 இல் அவரைப் பிரதமராக்கினார். செலவுக் குறைப்பும் அரச நிறுவன விற்பனையும் எதிர்பார்த்தவைதான். ஆனால் அவரது பிரதமர் காலத்தில்தான் வெளிநாட்டவரிடம் கட்டணம் அறவிடும் வதிவிட அட்டை நடைமுறைக்கு வந்தது. கொக்கோத் தோட்டங்களில் வியர்வை சிந்திய புர்க்கினா, மாலித் தொழிலாளர்களும் அந்த மண்ணிலேயே பிறந்த அவர்களின் பிள்ளைகளும் 'அட்டைக்காரர்' ஆனார்கள். வங்கியாளரின் கண்ணுக்கு அது ஒரு வருமான இனம். வீதித்தடையில் நின்ற பொலிஸ்காரனுக்கு அது வேறொன்று. அட்டையைக் கேட்பவன் முதலில் பார்ப்பது பெயரை. வடக்குப் பெயர், முஸ்லிம் பெயர் என்றால் சொந்த நாட்டுப் பிரஜையும் மறிக்கப்பட்டான். வத்தாரா என்பதும் வடக்குப் பெயர்தான்.

புவாஞி 1993 டிசெம்பரில் இறக்க, பதவிக்கு வந்த பெடியே 'ஐவரியத்தனம்' என்றொரு கோட்பாட்டையே உற்பத்தி செய்தார். வேட்பாளரின் தாயும் தகப்பனும் பிறப்பால் ஐவரியராய் இருக்கவேண்டும் என்றது 1994 தேர்தல் சட்டம். அது யாருக்காகத் தைக்கப்பட்ட சட்டை என்பது ஊரறிந்தது. 2000 இல் உச்ச நீதிமன்றமும் வத்தாராவை நிராகரித்தது. 2002 இல் போர். 2010 தேர்தலில் தோற்ற பாக்போ விலக மறுக்க, ஏறத்தாழ 3000 பேர் மாண்டார்கள். வத்தாராவின் பக்கம் நின்ற படைகளும் அதில் கொன்றன.

ஆட்சிக்கு வந்தபின் அவர் எதுவும் செய்யவில்லை என்பது அநியாயம். பல ஆண்டுகள் வளர்ச்சி 8 வீதத்தை அண்டியிருந்தது. அதைவிட முக்கியமானது, தலைமுறைகளாக வாழ்ந்தும் நாடற்றிருந்தவர்களில் ஒரு பகுதியினருக்குப் பிரஜாவுரிமை பெற வழிதிறந்த 2013 சட்டம். 2016 அரசியலமைப்பு 'தாயும் தகப்பனும்' என்பதைத் 'தாய் அல்லது தகப்பன்' ஆக்கியது. ஆனால் வேட்பாளர் ஐவரிய பிரஜாவுரிமை மட்டுமே உடையவராக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை தப்பிவிட்டது. வேறு நாட்டின் பிரஜாவுரிமையைப் பெற்றவர் சொந்தப் பிரஜாவுரிமையை இழப்பார் என்ற 1961 சட்டமும் அப்படியே கிடந்தது. தன்னைக் குத்திய முள்ளை மட்டும் பிடுங்கியிருக்கிறார் என்றே எனக்குப் படுகிறது.

மிச்சமிருந்த முள் 2025 இல் இன்னொரு வங்கியாளரைக் குத்தியது. கிரெடிட் சுவிஸ் வங்கியின் முன்னாள் தலைமை நிர்வாகி திஜான் தியாம் (பெடியேயின் அதே கட்சியின் இன்றைய தலைவர் இவர் என்பது வரலாற்றின் கேலி) அபிஜானில் பிறந்து, 1987 இல் பிரெஞ்சுப் பிரஜையானவர். 2025 மார்ச்சில் அதைத் துறந்தார். ஏப்ரலில் நீதிமன்றம் வாக்காளர் பட்டியலிலிருந்தே அவர் பெயரை நீக்கியது. வாக்காளராகப் பதிந்த வேளையில் அவர் ஐவரியரல்ல என்பது காரணம். பிரெஞ்சுக் கடவுச்சீட்டைச் சட்டைப்பையில் வைத்திருக்கும் நம்மிற் பலர் இவ்வழக்கைச் சற்று நின்று வாசிக்கலாம்.

நீதிமன்றங்கள் சுதந்திரமானவை என்பது அரச தரப்பின் பதில். 1961 சட்டத்தைத் திருத்த வத்தாராவுக்குப் பதினான்கு ஆண்டுகள் இருந்தன. அவ்வருடம் ஒக்ரோபரில், 83 வயதில், 90 வீதத்தை அண்டிய வாக்குகளுடன் நான்காவது தடவையும் தெரிவானார்.