பறங்கியர் மொழியும் பாதிவழிக் கல்வியும்

அயன்மொழி கற்பார்க்கு இடைநிலையே இடர் மிக்கது. தொடக்கத்தில் நிற்போன் தன் அறியாமையை அறிவான். முற்றக் கற்றோன் மொழியை அறிவான். இடையில் நிற்போனோ தான் கற்ற சிறிதையே முழுமையெனக் கொள்வான். இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்லல் வேண்டா. மட்டக்களப்புப் பறங்கியர் பேசும் போர்த்துக்கேய மொழியே சாலும்.

ஆரையம்பதியிலிருந்து வடக்கே சென்று காத்தான்குடியைக் கடப்பின் மட்டக்களப்பு நகர் வரும். அங்குப் பறங்கியர் குடும்பங்கள் சிலவற்றில் அம்மொழி இன்றும் வழங்குகின்றது. ஆரையம்பதி மாணவன் ஒருவன் அதனைக் கற்கப் புகுவானாயின், முதற்பாடம் அவனுக்கு எளிதாகும். கதிரை, மேசை, அலமாரி, சப்பாத்து, பாண் எனப் போர்த்துக்கேயச் சொற்கள் பலவற்றை அவன் தன் வீட்டிலேயே பயின்றுள்ளான்.

முற்காலத்தார் பலர் இச்சொன்னிலையிலேயே நின்று தீர்ப்புரைத்தனர். 1811இல் கொழும்பில் அச்சான பெரெஞ்சரின் கற்றல்நூல், இவ்வகைப் போர்த்துக்கேயத்தைச் 'சிதைந்தது' எனத் தன் தலைப்பிலேயே குறித்தது. லிஸ்பன் வழக்கை அளவுகோலாகக் கொண்டமையால், வேறுபட்டன யாவும் சிதைவாகத் தோன்றின.

மேலே கற்குங்கால் சிதைவெனப்பட்டது ஒழுங்காகத் தெளிவுறும். மட்டக்களப்பு வழக்கை ஆராய்ந்த இயன் ஸ்மித் 1979இல் இதனை விளக்கினார். போர்த்துக்கேயத்தில் பெயருக்கு முன்வரும் 'பரா' என்பது இங்கே 'ப' எனக் குறுகிப் பெயருக்குப் பின்னே உருபாய் நிற்கும். நான்காம் வேற்றுமையின் பணியையும், பெரும்பாலும் இரண்டாம் வேற்றுமையின் பணியையும் ஆற்றும். 'சு' என்பது ஆறாம் வேற்றுமை உருபாகும். வினை வாக்கிய இறுதிக்குச் செல்லும்.

இங்கேதான் மாணவன் வழுக்குகிறான். "இது போர்த்துக்கேய ஆடை புனைந்த தமிழே" என மகிழ்கிறான். தென்னமெரிக்கக் கெச்சுவா மொழிக்கு 1560இல் முதல் இலக்கணம் அச்சிட்ட தொமிங்கோ த சாந்தோ தோமாஸ், அம்மொழி இலத்தீனை ஒத்தது எனப் புகழ்ந்ததும் இத்தகையதே. இகழ்ச்சி புகழ்ச்சியாக மாறினும், அளவுகோல் கற்போனுடைய மொழியாகவே இருந்தது.

பறங்கியர் மொழியோ அவ்வளவில் அடங்காது. தமிழ் வினையில் காலங்காட்டும் இடைநிலை பகுதிக்குப் பின் வரும். அம்மொழியிலோ நிகழ்காலத்துக்குத் 'த', இறந்தகாலத்துக்கு 'ஜா', எதிர்காலத்துக்கு 'லோ' என்பன வினைக்கு முன் வரும். மலாக்காவில் வழங்கும் போர்த்துக்கேயக் கிளைமொழியும் இம்முறையினதே. பண்பாடும் அவ்வாறே. திருமண வீடுகளில் வயலின் இசைக்கு ஆடப்படும் கஃபிரிஞ்ஞா, பெயரளவில் ஆபிரிக்கரை நினைவூட்டுவது. அதனை லிஸ்பனுக்கோ மட்டக்களப்புத் தமிழர்க்கோ முழுதும் உரித்தாக்கல் இயலாது.

அம்மொழியைப் பேசுவோர் தொகை சுருங்கி வருகின்றது. சிதைவு எனக் கைவிடுவோனும், நம்முடையதே எனக் கவர்ந்துகொள்வோனும் அதனைக் காத்தவராகார். ஒப்புமையை வழித்துணையாகக் கொண்டு, வேற்றுமை தொடங்குமிடத்தும் நில்லாது நடப்பவனே அயலவரின் மொழியை அயலவருடையதாகவே அறிவான்.